ஜப்பான் சரஸ்வதி கையில் இருப்பது வீணை அல்ல

#1 யோகோஹாமாவாசி

நேற்று பக்கத்து இழையில் கும்பகோணம்டிகிரி ஐயா ஒரு ஃபார்வர்டை ஒட்டியிருந்தார். படிக்காதவர்களுக்குச் சுருக்கம்: "ஜப்பானில் சரஸ்வதி கையில் வீணையோடு அப்படியே நம் ஊர் போலவே இருக்கிறாள். பிள்ளையார் இருக்கிறார், எமன் இருக்கிறான். பௌத்தம் என்ற பெயரில் அங்கே போனது நம் மதம்தான். பாவம், ஜப்பானியருக்கே இது தெரியாது." அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள்.

எரிச்சலாக இருந்தது. அதனால்தான் இந்தத் தனி இழை.

நான் இங்கே வந்து பதினோரு வருடம் ஆகிறது. எனோஷிமா தீவு எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். ஜப்பானின் பேர்பெற்ற மூன்று பென்சைட்டன் தலங்களில் அது ஒன்று. மற்ற இரண்டு, பிவா ஏரிக்குள் இருக்கும் சிகுபுஷிமாவும் ஹிரோஷிமா பக்கத்து இட்சுகுஷிமாவும். ஐயா சொல்லும் சரஸ்வதி இந்தப் பென்சைட்டன்தான், அதில் சண்டையே இல்லை. அவளுக்குச் சொல்லும் மந்திரம் "ஓன் சொராசொபாதெய்யேய் சொவாகா". வாயில் போட்டு உருட்டிப் பாருங்கள், "ஓம் சரஸ்வத்யை ஸ்வாஹா" வெளியே வரும்.

ஆனால் "அப்படியே நம் ஊர் போலவே" என்பதுதான் தொண்டையில் சிக்குகிறது. எனோஷிமாவில் எண்கோண மண்டபம் ஒன்றில் இரண்டு சிலைகள். ஒருத்திக்கு எட்டுக் கை, கையில் ஆயுதங்கள். இன்னொருத்தி வெள்ளை மேனி, மடியில் வாத்தியம், உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. என் அம்மா ஊரிலிருந்து வந்தபோது ஆசையாக "வா, சரஸ்வதியைக் காட்டுகிறேன்" என்று கூட்டிப் போனேன். அம்மா ஒரு நொடி பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். "ஏண்டா, இத்தனை பேர் வராங்க, யாராவது ஒரு புடவையைச் சுத்திவிடக் கூடாதா?"

வேறு கோயில்களில் அவள் கிரீடத்தில் ஒரு குட்டித் தோரி, அதாவது இங்கத்திய கோயில்களின் முன் நிற்கும் வாசல், இருக்கும். அதில் சுருண்ட வெள்ளைப் பாம்பு. பாம்புக்குத் தாடி வைத்த கிழவன் முகம். அவர் பெயர் உகாஜின், உள்ளூர்ச் சாமி. பென்சைட்டன் வந்ததும் அவள் தலையில் ஏறிக்கொண்டார். கமகுராவில் ஒரு மலைக்குகைக்குள் ஊற்று, அதில் காசைக் கழுவினால் பெருகும் என்று நம்பிக்கை. நானும் மூங்கில் கூடையில் ஆயிரம் யென் தாளைப் போட்டுக் கழுவி, ஈரத்தோடு பர்ஸில் வைத்து, பக்கத்தில் இருந்த ரயில் அட்டை ஊறிப்போனதுதான் மிச்சம். பேச்சுக்கும் கலைக்கும் உரியவள் பணத்துக்கு வந்து சேர்ந்த கதை அவள் பெயரிலேயே இருக்கிறது. நடுவில் உள்ள "சை" முதலில் திறமையைக் குறிக்கும் எழுத்து. பிறகு அதே ஒலியுள்ள, செல்வத்தைக் குறிக்கும் எழுத்தைப் போட்டுவிட்டார்கள்.

கடைசியாக ஒன்று. அவள் கையில் இருப்பது வீணை அல்ல. பிவா.

#2 கும்பகோணம்டிகிரி

தம்பி, சிரமப்பட்டு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. கடைசி வரி தவறு. அது வீணை.

#3 யோகோஹாமாவாசி

பிவா, ஐயா. நாலு தந்தி. பாதியாக வெட்டிய பேரிக்காய் போல உடம்பு. தலைப்பகுதி பின்பக்கமாக மடங்கியிருக்கும். விரல் வைத்து அழுத்தும் மெட்டும் நாலே நாலுதான். விரலால் மீட்டுவதில்லை, விசிறி போல விரிந்த ஒரு கட்டையால் அறைவார்கள், அதற்குப் பெயர் பாச்சி. சீனாவின் பிபாதான் இங்கே வந்து பிவா ஆனது.

#4 கும்பகோணம்டிகிரி

நாலு தந்தி என்று நீங்களே சொல்கிறீர்கள். நம் வீணையில் வாசிக்கிற தந்தி எத்தனை? நாலு. முடிந்தது கதை.

#5 மெட்டும்மெழுகும்

நான் பொதுவாக இந்த மாதிரி சண்டைக்குள் வருவதில்லை. முப்பது வருடமாக வீணை கற்றுக்கொடுக்கிறேன், அதனால் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

டிகிரி ஐயா, வாசிக்கும் தந்தி நாலு, சரி. பக்கத்தில் தாளத்துக்கு மூன்று தந்தி இருக்கிறதே, அதை எங்கே விட்டீர்கள்? மொத்தம் ஏழு. மெட்டு இருபத்துநாலு, மெழுகின்மேல் பதித்தது. பலா மரத்தில் குடம், தண்டி, முனையில் யாளி முகம், கீழே சுரைக்காய். இதில் எது அந்தப் பொம்மையின் கையில் இருக்கிறது? இந்த வடிவத்தைத் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அதாவது 17ஆம் நூற்றாண்டு. நாயக்கர் காலத்து வாத்தியத்தை ஆயிரத்து முன்னூறு வருடத்துக்கு முன்பு கப்பல் ஏற்றி அனுப்பியது யார்?

#6 கும்பகோணம்டிகிரி

அம்மா, தங்கள் வித்வத்துக்கு வணக்கம். ஆனால் தாங்கள் சொல்வது தஞ்சாவூர் வீணை. நான் சொல்வது வீணை. பழைய வடமொழி நூல்களில் நரம்பு கட்டிய வாத்தியம் எல்லாவற்றுக்கும் வீணை என்றுதான் பெயர். ஆகவே அது வீணை.

#7 சும்மாவந்தேன்

அப்படிப் பார்த்தால் என் தங்கை பையன் கல்லூரி ஆண்டுவிழாவில் வாசித்த கிடாரும் வீணைதான். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழுந்தால் சந்தோஷப்படுவார், இத்தனை நாள் இரைச்சல் என்று திட்டிக்கொண்டிருந்தார்.

#8 புத்தம்சரணம்

எல்லாரும் வாத்தியத்தைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஃபார்வர்டில் உள்ள உண்மையான பிழையை யாரும் தொடவில்லை.

சரஸ்வதியை ஜப்பானுக்குக் கொண்டுபோனது எந்த இந்துக் கோயிலும் அல்ல. ஒரு பௌத்த சூத்திரம். சுவர்ணபிரபாச சூத்திரத்தில் அவள் தனக்கென்று ஒரு அத்தியாயத்தோடு வருகிறாள், இந்தச் சூத்திரத்தை ஓதுகிறவருக்குச் சொல்வன்மை தருவேன், காப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். யிஜிங் என்ற சீனத் துறவி 703இல் அதைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். 741இல் ஜப்பானின் ஷோமு பேரரசர் மாகாணத்துக்கு ஒரு கோயில் கட்டச் சொன்னபோது அவற்றில் இந்தச் சூத்திரத்தை வைத்து ஓதச் சொன்னார். நாட்டுக்குக் காவல் வேண்டும் என்பதுதான் அவருடைய கவலை. அந்தச் சரஸ்வதிக்கு எட்டுக் கை: வில், அம்பு, வாள், ஈட்டி, கோடரி, வஜ்ரம், சக்கரம், பாசக்கயிறு. அன்றைய தலைநகர் நாராவில், தோதாய்ஜி கோயிலின் ஹொக்கேதோ மண்டபத்தில் இருந்த 8ஆம் நூற்றாண்டு மண்சிலை அப்படித்தான் இருக்கிறது. அவளிடம் வீணையும் இல்லை, பிவாவும் இல்லை.

மகாகாலனைப் பாருங்கள். இந்தியாவில் கோரைப்பல்லும் கபாலமாலையும் கொண்ட கறுப்பு உருவம். ஜப்பானில் அவர் தைகொகுதென். குண்டாக, சிரித்த முகத்தோடு, தோளில் மூட்டை, கையில் சுத்தியல், இரண்டு அரிசி மூட்டைமேல் நிற்கிறார், காலடியில் எலிகள். ஏன் இப்படி? "பெரிய கறுப்பன்" என்று எழுதும் சொல்லும், ஓகுனினுஷி என்ற உள்ளூர்த் தெய்வத்தின் பெயரில் வரும் "பெரிய நாடு" என்ற எழுத்துகளும், ஒரே மாதிரி "தைகொகு" என்று வாசிக்கப்படும். ஒலி ஒன்றாயிற்று, இரண்டு சாமிகளும் ஒன்றானார்கள். பௌத்தம் ஊருக்கு ஊர் செய்தது இதுதான். உள்ளூர்த் தெய்வத்தை விரட்டவில்லை, அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

#9 கும்பகோணம்டிகிரி

புத்தம்சரணம் அவர்களே, மிக்க நன்றி. எட்டுக் கையில் ஆயுதம் வைத்திருந்தவள் பிறகு அதையெல்லாம் கீழே வைத்துவிட்டு எதை எடுத்தாள்? வீணையை.

#10 யோகோஹாமாவாசி

பிவாவை.

#11 கும்பகோணம்டிகிரி

வீணையை.

#12 பாணர்மகன்

இரண்டு பேருமே தப்பு. குப்தர் காலத்தில் வீணை என்று சொன்னதே வில் போல வளைந்த வாத்தியம். சமுத்திரகுப்தன் பொற்காசில் அரசன் உட்கார்ந்து மடியில் வைத்து வாசிக்கிறானே, அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அது யாழ்! எங்கள் பாணன் கையில் இருந்த யாழ்! வடக்கே போய் வீணை என்று பேர் வாங்கியது. ஆகவே ஜப்பான் சரஸ்வதி வைத்திருக்க வேண்டியது யாழ்.

#13 மெட்டும்மெழுகும்

"வைத்திருக்க வேண்டியது" என்றால் என்ன அர்த்தம்? அவள் என்ன வைத்திருக்கிறாள் என்பதுதான் கேள்வி. காசில் இருப்பது வில்யாழ் வகைதான், ஒத்துக்கொள்கிறேன். பென்சைட்டன் கையில் இருப்பதற்குக் கழுத்து இருக்கிறது, மெட்டு இருக்கிறது. யாழுக்கு மெட்டு ஏது தம்பி?

#14 பாணர்மகன்

யாழை மறந்தவர்கள் மெட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். காலக்கொடுமை.

#15 மெட்டும்மெழுகும்

நான் எதை மறந்தேன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். உங்கள் கையில் கடைசியாக எப்போது நரம்பு அறுத்தது?

#16 மட்டக்களப்பான்

நான் ஒன்று சொல்லலாமோ? ஜப்பானுக்கு ஏன் இவ்வளவு தூரம் போகிறீர்கள்? கண்டிக்கு வாருங்கோ. எசல பெரஹரா திருவிழாவில், புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையின் ஊர்வலத்துக்குப் பின்னால் நான்கு தேவாலய ஊர்வலங்கள் வரும்: நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி. நாத என்றது பௌத்தர்களின் அவலோகிதேஸ்வரர். கதிர்காமத் தெய்வம் எங்கட முருகன். பத்தினி யார்? கண்ணகி. சிலப்பதிகாரத்தில் இலங்கைக் கயவாகு மன்னன் வருகிறான் என்று எல்லாருக்கும் தெரியும். சிங்கள பௌத்தர் அவளைப் பத்தினி தெய்யோ என்று கும்பிடுகிறார்கள். அம்மை, கொப்புளிப்பான் வந்தால் அவளைத்தான் நேருவார்கள். எங்கட பக்கம் வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, வழக்குரை படிப்பு. ஒரே தெய்வம், இரண்டு மொழி, இரண்டு மதம்.

தந்ததாது, அதாவது அந்தப் புனிதப் பல், அந்த ஊர்வலத்துக்குள் வந்ததே 18ஆம் நூற்றாண்டில், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில், சியாமில் இருந்து பிக்குகள் வந்த பிறகு. அதுக்கு முதல் அது தேவாலயங்களின் திருவிழா. அந்த மன்னனோ நாயக்கர் வம்சத்தவன். உள்ளூர் வழக்கத்துக்குள் பௌத்தம் எப்படி நுழைந்தது, பௌத்தத்துக்குள் உள்ளூர் வழக்கம் எப்படி நுழைந்தது என்று கதைக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் இல்லை.

#17 கும்பகோணம்டிகிரி

அருமையான தகவல். ஆனால் பத்தினி கையில் வீணை இல்லையே. இழையின் தலைப்பைப் பார்க்கவும்.

#18 மட்டக்களப்பான்

பத்தினி கையில் சிலம்பு. வேறென்ன இருக்கும்? சரி, நீங்கள் வீணையோடு இருங்கோ.

#19 யோகோஹாமாவாசி

மட்டக்களப்பான் அண்ணா, மன்னிக்கவும். உங்கள் பதிவுக்குத் தனி இழையே போடலாம். இங்கே ஒருவர் நாலு தந்தியில் தூக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

#20 கும்பகோணம்டிகிரி

யார் தூக்கில் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். இன்று காலை முழுக்க உட்கார்ந்து தேடினேன். முப்பத்துநாலு வருடம் வங்கியில் பேரேடு பார்த்தவன் நான், ஒரு பைசா இடித்தாலும் விடமாட்டேன்.

நாராவில் ஷோசோயின் என்று ஒரு களஞ்சியம். ஷோமு பேரரசர் இறந்தபின் 756இல் அவர் மனைவி கோமியோ அவருடைய பொருள்களைப் புத்தருக்குக் காணிக்கையாகக் கொடுத்த இடம். அங்கே ஐந்து தந்தி பிவா ஒன்று இருக்கிறது. முகத்தில் முத்துச்சிப்பி இழைத்து, ஒட்டகத்தின்மேல் உட்கார்ந்து ஒருவன் வாத்தியம் வாசிப்பது போலப் படம். பழைய ஐந்து தந்தி பிவாவில் உலகிலேயே மிஞ்சியது இது ஒன்றுதான். இப்போது கேளுங்கள். நாலு தந்தி, வளைந்த தலை வகை பாரசீகம். ஐந்து தந்தி, நேர்த் தலை வகையின் பிறப்பிடம் என்று ஜப்பானிய அறிஞர்களே சொல்வது எந்த நாடு? இந்தியா! அமராவதிச் சிற்பத்தில் பேரிக்காய் வடிவ வாத்தியம் இருக்கிறது. ஆகவே பிவா என்பது இந்தியாவிலிருந்து போனது. இந்தியாவிலிருந்து போன நரம்பு வாத்தியத்துக்குப் பெயர் வீணை.

#21 யோகோஹாமாவாசி

ஐயா, நல்ல தேடல். உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் ஒன்றே ஒன்று. பென்சைட்டன் கையில் வழக்கமாக இருப்பது நாலு தந்தி, வளைந்த தலை. #3இல் எழுதியிருக்கிறேன். உங்கள் கணக்குப்படியே அது பாரசீகம். உங்கள் சரஸ்வதி ஈரான் வாத்தியத்தை வைத்திருக்கிறாள்.

#22 சும்மாவந்தேன்

பேரேட்டில் ஒரு தந்தி இடிக்கிறது சார்.

#23 கும்பகோணம்டிகிரி

சும்மா வந்தவர் சும்மா இருக்கலாம்.

சிற்பி ஐந்தாவது தந்தியைச் செதுக்காமல் விட்டிருப்பான். மரத்தில் தந்தி செதுக்குவது எளிதா?

#24 மெட்டும்மெழுகும்

காலையில் வீணையில் நாலு, மாலையில் பிவாவில் ஐந்து. நாளைக்கு ஆறாகும்.

#25 புத்தம்சரணம்

சரஸ்வதி என்றாலே வீணை என்பதும் பிற்கால வழக்கம்தான். நமக்குக் கிடைத்த மிகப் பழைய சரஸ்வதி சிலை மதுராவின் கங்காளி திலாவில் எடுத்தது, 2ஆம் நூற்றாண்டு. சமணர் செய்வித்த சிலை. தலை உடைந்துவிட்டது. கையில் ஏடு. வீணை இல்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? டிகிரி ஐயா ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் பூந்தோட்டம், அதற்குப் பக்கத்தில் கூத்தனூர். நம் மாநிலத்தில் சரஸ்வதிக்கென்று உள்ள தனிக் கோயில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்முன் பிள்ளைகளைக் கூட்டிப்போய் நெல்லில் எழுத வைப்பார்கள். அங்கே அம்பாள் கையில் ஏடு, ஜபமாலை, கலசம், சின்முத்திரை. வீணை எங்கே ஐயா?

#26 சும்மாவந்தேன்

மூச்சு விடுகிற சத்தம் கூடக் கேட்கவில்லையே.

#27 கும்பகோணம்டிகிரி

கூத்தனூருக்கு நான் போகாத வருடமே இல்லை. என் பேத்திக்கு அங்கேதான் எழுத்தறிவித்தோம். அங்கே வீணை இல்லை என்பதால் ஜப்பானில் இருக்கக்கூடாது என்று சட்டமா? நம் ஊரில் கொடுத்து மிச்சமானதுதானே வெளியே போகும்?

அப்புறம், புத்தம்சரணம் அவர்களே, உங்கள் சரித்திரம் எனக்கு மறக்கவில்லை. போதிதர்மர் இழையில் "காஞ்சிபுரம் என்பதற்குப் பழைய ஆதாரம் இல்லை" என்று எழுதி நாற்பது பேர் மனத்தை நோகடித்தவர்தானே நீங்கள்?

#28 புத்தம்சரணம்

இன்றும் அதையேதான் சொல்வேன். 547இல் எழுதப்பட்ட லோயாங் கோயில்கள் பற்றிய சீன நூல் அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. தென்னிந்திய அரசனின் மூன்றாம் மகன் என்பது அதை அடுத்து வந்த குறிப்பு. அதிலும் காஞ்சி என்ற ஊர்ப்பெயர் கிடையாது. அந்த இழையில் என்னை "வாடகைப் பேனா" என்றீர்கள். யார் வாடகை கொடுத்தார்கள் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

#29 கும்பகோணம்டிகிரி

எல்லாம் பாரசீகம். வீணை பாரசீகம், போதிதர்மர் பாரசீகம். நாளைக்கு இட்லியும் பாரசீகம் என்பீர்கள்.

#30 பாணர்மகன்

போதிதர்மரை விடுங்கள். போதிசேனர்? 736இல் ஜப்பான் போனவர். 752இல் நாரா பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர். மதுரைக்காரர்! தமிழர்! இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

#31 யோகோஹாமாவாசி

கண் திறந்தது உண்மை. அன்றைக்குத் தூரிகையில் நீளமான நூல்களைக் கட்டி, கூடியிருந்தவர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் வரைகிற புண்ணியம் எல்லாருக்கும் சேரட்டும் என்று. அந்தத் தூரிகையும் நீல நிற நூலும் இன்னும் ஷோசோயினில் இருக்கின்றன. எனக்குப் புல்லரித்த இடம் அது.

ஆனால் அவருக்கு எழுதிய கல்வெட்டுப் பாடத்தில் தென் தென்ஜிகுவின் பிராமணர் என்று இருக்கிறது. தென்ஜிகு என்றால் இந்தியா. ஊர்ப்பெயராக மதுரையை அங்கே நான் பார்க்கவில்லை.

அந்தப் பெரிய புத்தர் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. சிலை வார்ப்பு நடந்தபோது ஹச்சிமான் என்ற உள்ளூர்த் தெய்வம் "நான் துணைக்கு வருகிறேன்" என்று குறி சொன்னதாகவும், 749இல் கியூஷூ தீவிலிருந்து பல்லக்கில் நாராவுக்கு வந்ததாகவும் பதிவு இருக்கிறது. பின்னால் அவருக்கே போதிசத்துவர் பட்டம். உள்ளூர்ச் சாமிக்குப் பௌத்தப் பதவி உயர்வு! இதையெல்லாம் பேசத்தான் இந்த இழையைத் திறந்தேன்.

#32 பாணர்மகன்

தென் இந்தியா என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். தென் இந்தியா என்றால் மதுரை.

#33 சும்மாவந்தேன்

எங்கள் நெல்லூர் மாமா அழுகிறார்.

#34 புத்தம்சரணம்

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். யோகோஹாமாவாசி இதையெல்லாம் ரசித்து எழுதுகிறார். எனக்கு ரசிக்க முடியவில்லை. காசு கழுவுவது, தலையில் பாம்பு, பூசாரிக்குப் பெண்டாட்டி பிள்ளை. 1872இல் அரசாங்கமே பிக்குகள் கறி தின்னலாம், கல்யாணம் செய்யலாம் என்று சொல்லிவிட்டது. புத்தர் சொன்னதில் என்ன மிச்சம்?

#35 யோகோஹாமாவாசி

நீங்களுமா? நேற்றுவரை என் பக்கம் நின்றீர்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பத்தாறு வயது. ஓபோன் சமயத்தில் வாசலில் ஒரு வெள்ளரிக்காய்க்கும் ஒரு கத்தரிக்காய்க்கும் நாலு நாலு குச்சி குத்தி நிறுத்திவைப்பார். வெள்ளரிக்காய் குதிரை, கத்தரிக்காய் மாடு. செத்தவர்கள் குதிரையில் ஏறிச் சீக்கிரம் வீட்டுக்கு வரவேண்டும், திரும்பும்போது மாட்டில் மெதுவாகப் போகவேண்டும். போன வருடம் மாட்டுக்கு ஒரு கால் ஒடிந்து சாய்ந்துகிடந்தது. பாட்டி பதறிப்போய் என்னிடம் பல்குத்தும் குச்சி கேட்டார். அவர் கணவர் கால் வலிக்காரராம், நடந்து போகமாட்டாராம். இந்தப் பண்டிகைக்கு மூலம் புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர் தன் தாயைப் பேயுலகத்திலிருந்து மீட்ட கதை, சீனா வழியாக வந்தது. பாட்டிக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது. அவரிடம் போய் "இதில் புத்தர் சொன்னது என்ன மிச்சம்" என்று நீங்கள் கேளுங்கள், நான் கேட்கமாட்டேன்.

#36 புத்தம்சரணம்

பாட்டியைக் காட்டி வாயை அடைப்பது வாதம் அல்ல.

#37 சும்மாவந்தேன்

கத்தரிக்காய் மாட்டை மறுநாள் என்ன செய்வார்கள்? எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்கலாமா? சும்மா ஒரு சந்தேகம்.

#38 கும்பகோணம்டிகிரி

தம்பி, நீங்கள் எழுதியது எங்கள் மகாளய அமாவாசைதான். இதைத்தானே முதலிலிருந்து சொல்கிறேன்? பித்ரு, எமன், பிள்ளையார், ஹோமம். ஹோமத்துக்கு அங்கே கோமா என்று பெயர். சுடுகாட்டில் வைக்கும் மரப்பலகையில் நம் எழுத்து. எல்லாம் நம்முடையது. வீணை உட்பட.

#39 யோகோஹாமாவாசி

பிள்ளையாரைச் சொல்லிவிட்டீர்கள், அதையும் கேளுங்கள். அவர் பெயர் இங்கே காங்கிதென். பெரும்பாலும் யானைத்தலையோடு இரண்டு உருவங்கள் கட்டித் தழுவிக்கொண்டு நிற்கும். பக்தர்களுக்குக் காட்டவே மாட்டார்கள், பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். அசாகுசாவில் மட்சுசியாமா கோயிலில் அவருக்கு நைவேத்தியம் வெள்ளை முள்ளங்கி. தேங்காய் இல்லை, அருகம்புல் இல்லை, முள்ளங்கி. கூடை கூடையாக. தெருமுனையில் அரசமரத்தடியில் உட்கார்ந்து போகிற வருகிறவரிடமெல்லாம் தோப்புக்கரணம் வாங்குகிற நம் பிள்ளையாரா இவர்? போனவர் அவர்தான், ஆனால் போன இடத்தில் வேறு ஆளாகிவிட்டார்.

#40 கும்பகோணம்டிகிரி

முள்ளங்கியும் காய்தான். பிள்ளையார் எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார்.

வீணைக்கு வாருங்கள்.

#41 நெறியாளர்

#15, #23, #28 ஆகிய பதிவுகளில் தனிப்பட்ட தாக்குதல் இருப்பதாகப் புகார் வந்திருக்கிறது. மூன்று புகாரும் ஒரே உறுப்பினரிடமிருந்து. அதில் ஒன்று அவரே எழுதிய பதிவின்மேல். பெயரைச் சொல்லவில்லை. தலைப்பைவிட்டு விலகாமல் பேசவும்.

#42 கும்பகோணம்டிகிரி

கை தவறிப் பட்டுவிட்டது. கைப்பேசி புதிது.

#43 யோகோஹாமாவாசி

தலைப்புக்குள்தான் வருகிறேன். "ஜப்பானியருக்கே தெரியாது" என்று அந்த ஃபார்வர்டில் இருந்ததே, அது முழுப் பொய். அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தெரிந்ததால்தான் 1868இல் மெய்ஜி அரசு கமி என்னும் உள்ளூர்த் தெய்வங்களையும் புத்தரையும் பிரிக்கச் சொல்லி ஆணை போட்டது. ஆயிரம் வருடத்துக்குமேல் ஒரே வளாகத்தில் கலந்து கிடந்ததை இது உன்னுடையது, அது என்னுடையது என்று பங்கு பிரித்தார்கள். பல ஊர்களில் புத்தர் சிலைகளை உடைத்தார்கள், மணிகளை உருக்கினார்கள். இட்சுகுஷிமாவில் இருந்த பென்சைட்டனைப் பக்கத்தில் தைகன்ஜி கோயிலுக்கு மாற்றினார்கள். தலத்தில் இப்போது இருப்பது இச்சிகிஷிமாஹிமே என்ற உள்ளூர்க் கடல் தேவதை. இருவரும் ஒருத்தியே என்றுதான் அதுவரை மக்கள் கும்பிட்டார்கள். எனோஷிமாவிலும் கணக்கில் இன்று அது ஷிண்டோ, அதாவது உள்ளூர்த் தெய்வங்களின் மதத்துத் தலம்தான்.

"இது எங்கள் சாமி, அது வெளிநாட்டுச் சாமி" என்று கோடு போட்டது அன்றைய அரசு. நீங்கள் இங்கிருந்து அதே கோட்டை மறுபக்கமாகப் போடுகிறீர்கள் ஐயா.

#44 கும்பகோணம்டிகிரி

நான் கோடு எதுவும் போடவில்லை. வாத்தியத்தின் பெயரைச் சொன்னேன்.

ஒரு கேள்வி. தைகன்ஜிக்கு மாற்றினார்களே, அந்தச் சிலை கையில் என்ன இருந்தது?

#45 மட்டக்களப்பான்

இன்னும் முடியவில்லையோ? நான் மூன்று நாள் கழித்து வருகிறேன், அதே இடத்தில் நிற்கிறீர்கள்.

#46 மெட்டும்மெழுகும்

சண்டைக்கு நடுவே ஓர் உதவி. இந்த வெயிலில் என் வீணையில் மெழுகு இளகி நாலைந்து மெட்டு சாய்ந்துவிட்டது, ஸ்வரம் நிற்கவில்லை. போன தடவை கொடுத்த இடத்தில் இரண்டு மாதம் வைத்திருந்து அரைகுறையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் பதித்து நிறுத்த, தெரிந்த நல்ல ஆள் யாராவது தஞ்சாவூர்ப் பக்கம் இருந்தால் தனிமடலில் சொல்லுங்கள்.

#47 கும்பகோணம்டிகிரி

அம்மா, எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், எண் அனுப்புகிறேன். சிவகங்கைப் பூங்கா பக்கம் வீடு. இரண்டு தலைமுறையாக இதே வேலை. கையோடு ஒன்று செய்யுங்கள். பென்சைட்டன் படத்தை அவரிடம் காட்டி இது என்ன வாத்தியம் என்று கேளுங்கள். வீணை என்பார்.

#48 மெட்டும்மெழுகும்

நன்றி. எண் மட்டும் போதும்.

#49 பாணர்மகன்

யாழ் என்பார்.